அறிவுச் சாளரம்: விடை வந்தது, முழுமையும் வந்ததா?



இத்திங்கள் நான் எழுதப்போவது பிறர் செய்த பிழையைப் பற்றி அன்று. என் கண்முன்னே உருவாகி, நானே பார்த்துச் 'சரி' என்று தலையசைத்து அனுப்பிய ஒரு பிழையைப் பற்றி. சென்ற திங்கள் நம் சங்க மண்டபத்தில் நடந்த இளைஞர் மாலைக்கு வந்திருந்தோர் அதனை நேரிலேயே கண்டனர். வாராதோர்க்கும் அது பயன்படும் என்று கருதி மறைக்காமல் எழுதுகிறேன்.

என் தம்பியின் மகன் எங்கள் இல்லத்தில் தங்கி, இவ்வூர்க் கல்லூரியில் கணிப்பொறியியல் இறுதியாண்டு பயில்கிறான். ஊரிலிருக்கும் தம்பி ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்கும் முதற்கேள்வி, "அண்ணா, பையன் எப்படிப் படிக்கிறான்?" என்பதே. "நன்றாகப் படிக்கிறான்" என்பதே என் விடை. அதற்குமேல் அவனும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இளைஞர் மாலைக்காகப் பையன் ஒரு வினாடி வினா நிரல் எழுதினான். கற்பனைக் கதையுலகம் ஒன்றின் மாந்தர், குலங்கள், கோட்டைகள் ஆகியவற்றைப் பற்றிய வினாக்கள் அதில் வரும். வினாவும் விடையும் அவன் கையால் எழுதியவை அல்ல; இணையத்தில் உள்ள ஒரு தகவல் நிலையத்திடம் கேட்டு நிரல் தானே திரட்டியவை. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்தாரிடமும் இதனையே காட்ட வேண்டும் என்பது அவன் எண்ணம். முதல்நாள் இரவு என்னிடம் காட்டினான். பார்த்தேன், மகிழ்ந்தேன், பாராட்டினேன்.

மறுநாள் மண்டபத்துத் திரையில், "இக்கதையுலகின் குலங்கள்: மொத்தம் 10" என்று பெரிய எழுத்தில் தோன்றிற்று. அதன்கீழ்ப் பெயர்ப்பட்டியல். ஆல்குட், அல்லிரியன், ஆம்பர், ஆம்ப்ரோஸ், ஆப்பிள்டன் என்று சென்று பேலிஷ் குலத்தோடு நின்றது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். இவ்வாண்டுதான் கல்லூரியில் சேர்ந்தவள். "அண்ணா, ஸ்டார்க் குலம் எங்கே? லானிஸ்டர் குலம் எங்கே? அவர்கள் இல்லாமல் கதையே இல்லையே!" என்றாள். மண்டபம் சிரித்தது. அவள் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதனால்தான் பையனுக்கு விடை சொல்ல வரவில்லை.

நடந்தது என்ன என்பதைச் சற்று அடியிலிருந்தே சொல்கிறேன். வீட்டில் இத்துறை பயிலும் பிள்ளைகள் இருந்தும், அவர்கள் திரையின்முன் என்னதான் செய்கிறார்கள் என்று விளங்காமல் இருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர்.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் நாவல் வரிசையின் முதல் நூல் 1996-இல் வெளிவந்தது. ஐந்தாம் நூல் 2011-இல். 2011 முதல் 2019 வரை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சித் தொடராகவும் அது வந்தது. போரும் வஞ்சமும் நிறைந்தது, வளர்ந்தோர்க்கே உரியது, சிறுவர் கையில் கொடுக்கத் தக்கது அன்று. அதன் மாந்தர்கள் ஆயிரக்கணக்கினர். யார் யாருக்கு மகன், எந்தக் குலம் எந்தக் குலத்துக்கு அடங்கியது என்பதை நினைவில் வைப்பதே வாசகர்க்கு ஒரு தவம்.

இந்த விவரங்களையெல்லாம் ஆர்வலர்கள் தொகுத்து, கணிப்பொறிகள் கேட்டு வாங்கும் வகையில் இணையத்தில் வைத்துள்ளனர். 'ஆன் ஏபிஐ ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்பது அதன் பெயர். ஏபிஐ என்பது ஓர் அலுவலகத்தின் சாளரம் போன்றது. உள்ளே பேரேடுகள் உள்ளன. நாம் உள்ளே நுழைய இயலாது. சாளரத்தில் குறித்த முறைப்படி கேட்டால், குறித்த வடிவில் விடை வரும். இந்தச் சாளரத்தில் கேட்கத்தக்கவை மூன்று: நூல்கள், மாந்தர்கள், குலங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் உண்டு. மாந்தருள் ஜான் ஸ்னோ என்பவனுக்கு 583. குலங்களுள் ஸ்டார்க் குலத்துக்கு 362. கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டுவதில்லை. விடை 'ஜேசன்' என்னும் எளிய எழுத்து வடிவில் வரும். பெயர், பண்பாடு, பட்டங்கள், மாற்றுப்பெயர்கள் என ஒவ்வொரு தலைப்பின்கீழும் அதற்குரிய விவரம் இருக்கும்.

இனி, அச்சாளரத்தில் கேட்பவர் யார்? பையனின் நிரல் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதப்பட்டது. 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் இம்மொழியின் முதல் வடிவை ஆக்கினார். இணையப் பக்கங்களுக்குச் சிறிது உயிரூட்டவே அது பிறந்தது. 2009-இல் 'நோட்' வந்தபின், உலாவிக்கு வெளியேயும் அது பரவலாக ஆளப்படலாயிற்று. இம்மொழியில் ஒருவர் எழுதியதைப் பிறரும் எடுத்தாளும் பொதுக் களஞ்சியம் ஒன்று உண்டு, 'என்பிஎம்' என்பர். அதில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றுள் ஒருவகை 'கிளையன்ட் லைப்ரரி' எனப்படும்.

அது என்ன? நம் பெரியோர் இவ்வூர்களுக்கு வந்த புதிதில், அஞ்சலக வாயிலில் மரப்பெட்டியின் முன் அமர்ந்து மடல் எழுதித் தருபவரைக் கண்டிருப்பர். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும் என்றால் அவர் மணியார்டர்ப் படிவத்தை எடுப்பார். முகவரி எங்கே, தொகை எங்கே, கையொப்பம் எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நாம் ஊரையும் தொகையையும் சொன்னால் போதும். கிளையன்ட் லைப்ரரியும் அத்தகைய மடல் எழுத்தரே. சாளரத்தின் முகவரி, கேட்கும் முறை, வந்த விடையைப் பிரித்தல், பிழை வந்தால் அறிவித்தல் ஆகியவற்றை அது பார்த்துக்கொள்ளும். நிரல் எழுதுவோன், "குலங்களைக் கொண்டு வா" என்று ஒரே வரியில் சொல்கிறான்.

ஒரு நுட்பம் உண்டு. கேட்ட அக்கணமே விடை வாராது. இணையத்தில் சென்று திரும்ப நேரம் ஆகும். ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் முதலில் 'பிராமிஸ்' ஒன்றைக் கையில் கொடுக்கும். பதிவுத் தபால் அனுப்பியதும் அஞ்சலகம் தரும் சீட்டைப் போன்றது அது. 'அவெய்ட்' என்று எழுதினால், விடை வரும்வரை காத்திருந்து பெறுகிறோம். அச்சொல்லை மறந்தவன், விடை இருக்க வேண்டிய இடத்தில் சீட்டை வைத்துக்கொண்டு விழிப்பான். முதலாண்டு மாணவர் பலர் இவ்விடத்தில்தான் ஓர் இரவைக் கழிப்பர்.

பையன் இதையெல்லாம் சரியாகவே செய்திருந்தான். களஞ்சியத்திலிருந்து யாரோ எழுதி வைத்த சிறு லைப்ரரி ஒன்றை எடுத்தான், குலங்களைக் கேட்டான், காத்திருந்தான், வந்ததை எண்ணினான், பத்து இருந்தது. பத்து என்று எழுதினான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நானும் அதையே பார்த்தேன்: சிவப்பெழுத்து ஏதும் இல்லை, ஆகவே சரி.

அன்றிரவு வீடு திரும்பியபின் அவன் உண்ணவில்லை. "பெரியப்பா, இதை அப்படியே விட்டுவிடுகிறேன். நேர்காணலில் காட்ட வேறு ஏதாவது செய்கிறேன்" என்றான். "வேறு எதைச் செய்தாலும் இக்கேள்வி உன்னைத் தொடர்ந்து வரும். இதற்கே விடை காண்போம்" என்றேன். இருவரும் திரையின்முன் அமர்ந்தோம்.

இம்முறை மடல் எழுத்தரை ஒதுக்கிவிட்டு, நாங்களே சாளரத்தில் கேட்டோம். ஜாவாஸ்கிரிப்டில் 'ஃபெட்ச்' என்று ஒரு கட்டளை உண்டு; 2022-இல் வந்த நோட் 18-ஆம் பதிப்பு முதல் அது நோட்டிலும் உடனமைந்தே வருகிறது. விடை வந்தது. அதே பத்துக் குலங்கள். ஆனால் விடைக்கு ஓர் உறையும் உண்டு, 'ஹெடர்' என்பர். கடிதத்தை மட்டும் படித்துவிட்டு உறையை எறிந்துவிடுவதே நம் வழக்கம். அவ்வுறையின்மேல் 'லிங்க்' என்ற தலைப்பில் எழுதியிருந்தது: அடுத்த பக்கம் 2, கடைசிப் பக்கம் 45.

நேயர்களே, அச்சாளரத்தில் இருப்பவை 440-க்கும் மேற்பட்ட குலங்கள். ஒரே வேளையில் அனைத்தையும் அள்ளிக் கொடுத்தால் நிலையத்துக்குச் சுமை. ஆகவே, நாம் வேறு எதுவும் சொல்லாவிடில், ஒரு முறைக்குப் பத்து மட்டுமே தருகிறது. அகரவரிசையில் முதற்பத்து வந்தது. ஸ்டார்க் குலத்தின் எண் 362. லானிஸ்டர் குலத்தின் எண் 229. அவை எப்படி வரும்? நிலையம் பொய் சொல்லவில்லை. "இது முதற்பக்கம், இன்னும் 44 உள்ளன" என்று உறையின்மேல் எழுதியே அனுப்பியது. லைப்ரரி உறையைப் பிரித்து எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் எங்களிடம் கொடுத்தது. லைப்ரரியையும் முழுதும் குறைகூற இயலாது. 'முதற்பக்கம் மட்டுமே தரப்படும். பக்க எண்ணைத் தனியே குறிப்பிடுக' என்று அதன் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. நாங்கள் படிக்கவில்லை.

திருத்தம் கடினமானது அன்று. ஒரு முறைக்கு ஐம்பது வரை கேட்கலாம் என்பது நிலையத்தின் விதி. ஐம்பது ஐம்பதாகக் கேட்டால் 45 முறை 9 முறையாகச் சுருங்கும். பக்க எண்களை நாமே கூட்டிச் செல்வதினும், உறையில் 'அடுத்தது' என்ற குறிப்பு உள்ளவரை தொடர்ந்து, அது இல்லாத இடத்தில் நிற்பதே நன்று. நாளை புதிய பதிவுகள் சேர்ந்தாலும் நிரல் பிழைபடாது. ஏழெட்டு வரிகளில் முடிந்தது. ஸ்டார்க் குலம் திரையில் வந்தபோது பையன் முகத்தில் சிறிது வெளிச்சம் தெரிந்தது.

ஆயினும் அத்துடன் எழுந்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. முழுமையற்ற விடையை முழுமை என்று ஒருமுறை நம்பியவர்கள், வேறு எங்கெல்லாம் அவ்வாறு நம்பியிருக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

முதலில் ஒரு மாந்தனைத் தேடினோம். ஹோடோர் என்பவன் அக்கதையில் எவரும் மறவாத பாத்திரம். பெயர் 'ஹோடோர்' என்று கேட்டோம். வெற்றுப் பட்டியல் வந்தது. பிழைச் செய்தி இல்லை. 200 என்ற வெற்றிக் குறியுடனேயே வந்தது. அப்படியாயின் அவன் பதிவிலேயே இல்லையா? இருக்கிறான், மாந்தருள் இரண்டாம் எண்ணே அவனுடையது. ஆனால் அங்கு அவன் பெயர் 'வால்டர்'. ஹோடோர் என்பது மாற்றுப்பெயர்களின் கீழே உள்ளது. நாம் பெயரில் தேடினோம். அவன் மாற்றுப்பெயரில் இருந்தான். வீட்டில் எல்லோரும் ஒருவரைச் செல்லப்பெயரால் அழைக்க, குடும்ப அட்டையில் அப்பெயர் காணாததால் அப்படி ஒருவர் இல்லை என்று சொல்வதைப் போன்றது இது. 'நீ கேட்டபடி எதுவும் இல்லை' என்பது வேறு. 'எதுவுமே இல்லை' என்பது வேறு.

முதல் எண்ணுக்குரிய மாந்தரின் பதிவோ இன்னும் வியப்பு. அங்குப் பெயர் என்னும் இடமே வெறுமையாக உள்ளது. கதையில் மாற்றுப்பெயரால் மட்டுமே அறியப்படும் பெண் அவள். பெயர் என்று ஒன்று எல்லோர்க்கும் இருந்தே தீரும் என்று எண்ணி எழுதிய நிரல், அவள்முன் வெறும் திரையைக் காட்டி நிற்கும்.

அடுத்தது பட்டங்கள். ஹோடோருக்கு எத்தனை பட்டங்கள் என்று நிரலைக் கேட்டோம், 'ஒன்று' என்றது. குதிரை லாயத்தில் பணிபுரிந்தவனுக்குப் பட்டம் ஏது? பிரித்துப் பார்த்தால், பட்டியலில் ஓர் இடம் உள்ளது. அந்த இடத்தில் எழுத்து எதுவும் இல்லை. வெற்று உறை ஒன்றை ஒரு கடிதம் என்று எண்ணியது நிரல். இத்தகைய வெற்றிடங்களை நீக்கிய பின்னரே எண்ண வேண்டும். பையன் எழுதிய வினாக்களுள் 'பட்டங்கள் மிகுந்தவர் யார், பட்டமே இல்லாதவர் யார்' என்று ஒன்று இருந்தது. அதன் பின்பாதிக்கு அவன் நிரல் ஒருபோதும் விடை கண்டிராது.

மூன்றாவதாக, இணைப்புகள். ஸ்டார்க் குலத்தின் பதிவைக் கேட்டால், அக்குலத்துக்கு உறுதி பூண்டோரின் பெயர்கள் வருவதில்லை; அவர்களுடைய பதிவு முகவரிகள்தாம் வருகின்றன. பெயர் வேண்டுமாயின் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியே மீண்டும் கேட்க வேண்டும். பையன் அவ்வாறே எழுதியிருந்தான். ஒரு குலத்தைத் திறந்தால் அதன் பின்னே பல பத்துக் கேள்விகள் ஒரே நேரத்தில் பறக்கும். மாந்தர் தொகை இரண்டாயிரத்துச் சொச்சமே. ஐம்பது ஐம்பதாக வாங்கினால் நாற்பத்துச் சொச்சம் கேள்விகளில் அனைவரையும் பெற்று, முகவரிப்படி அடுக்கி வைத்துக்கொள்ளலாம். பின்னர் எந்தப் பெயருக்கும் நிலையத்தின் கதவைத் தட்ட வேண்டுவதில்லை.

இது வேகத்தைப் பற்றியது மட்டும் அன்று. பண்பைப் பற்றியதும் ஆகும். இலவசமாகத் தரும் நிலையத்துக்கும் செலவு உண்டு. ஓர் இணைப்பிலிருந்து நாளொன்றுக்கு 20,000 கேள்விகள் என்று இந்நிலையம் வரம்பு வைத்திருக்கிறது. தாராளமான வரம்புதான். ஆனால், நிறுத்தத் தவறிய சுழல் ஒன்று நிரலில் இருந்தால் அதனைச் சில மணி நேரத்தில் கடந்துவிடும். முன்னர் வாங்கியதைச் சேமித்து வைத்து, 'மாறியிருந்தால் மட்டும் அனுப்புக' என்று கேட்கும் முறையும் உண்டு. ஊர்க்கிணற்றில் இறைப்பவர்க்கு இருக்க வேண்டிய அடக்கம் இங்கும் வேண்டும்.

வேறொரு நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்துப் பேராசிரியர் டோல்கீன் 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதைக்கும் இத்தகைய சாளரம் ஒன்று உண்டு. 'தி ஒன் ஏபிஐ' என்பர். அங்கு நூற்பட்டியலை எவரும் கேட்கலாம். மாந்தர், திரைப்படங்கள் முதலியவற்றுக்குப் பதிவு செய்து ஒரு திறவுகோல் பெற வேண்டும். பத்து நிமிடத்துக்கு நூறு கேள்விகளே வரம்பு. ஒரு சாளரம் வரம்பை மீறியவர்க்குச் சொல்லும் மறுமொழிக்கென 429 என்ற குறியெண் உள்ளது. 'பல முறை கேட்டுவிட்டாய், சற்றுப் பொறு' என்பது அதன் பொருள். அது கண்டு உடனே மீண்டும் கேட்பது பேதைமை. சிறிது காத்து, பின்னும் மறுத்தால் இன்னும் நீளக் காத்துக் கேட்பதே முறை. நல்ல லைப்ரரி இதனைத் தானே செய்யும். செய்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

திறவுகோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் வகைக்குப் 'பேரர்' என்று பெயர். வங்கியில் பேரர் காசோலையைக் கொணர்பவர் எவராயினும் பணம் பெறுவது போல, இத்திறவுகோலை வைத்திருப்பவர் எவராயினும் உங்கள் பெயரால் கேட்கலாம். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் அதனை எழுதி வைத்தால், பக்கத்தைப் பார்ப்போர் எவரும் படிக்க இயலும். பொதுவில் வைக்கும் நிரற்கோப்பிலும் எழுதலாகாது. தன் சொந்தக் கணிப்பொறியில் அல்லது பின்னணியில் இயங்கும் சேவையகத்தில், தனிக்கோப்பில் வைத்தல் வேண்டும். கற்பனைக் கதையின் திறவுகோல் களவு போனால் பெருநட்டம் இல்லை. ஆனால் கையின் பழக்கம் ஒன்றே. நாளை இப்பிள்ளைகள் வங்கியின் திறவுகோலையும் அதே கையால்தான் வைப்பார்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் பையன், "அப்படியானால் லைப்ரரியே வேண்டாமா பெரியப்பா? நானே எல்லாவற்றையும் எழுதிவிடவா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு 2016-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொன்னேன். 'லெஃப்ட்-பேட்' என்று பதினொரு வரிகளே கொண்ட ஒரு பொதி இருந்தது. ஓர் எழுத்துத் தொடரின் இடப்பக்கத்தை நிரப்புவதே அதன் தொழில். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதனை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து அதனை நீக்கிக்கொண்டார். அதனை நேரடியாகவும், வேறு பொதிகளின் வழியாகவும் நம்பியிருந்த எண்ணற்ற நிரல்களைக் கட்டி எழுப்ப இயலாமல் போயிற்று. களஞ்சியத்தார் சில மணி நேரத்தில் அதனை மீட்டு வைத்தனர். தம் வீடு அப்பதினொரு வரிகளின்மேல் நிற்கிறது என்பதையே பலர் அன்றுதான் அறிந்தனர்.

இதன் பொருள் பிறர் உதவியை ஏற்கலாகாது என்பது அன்று. மடல் எழுத்தரின்றி நம் பாட்டன்மார் பலர் ஊருக்கு ஒரு வரியும் அனுப்பியிருக்க இயலாது. ஆனால் எழுதி முடித்ததும் அவர்கள், "படித்துக் காட்டுங்கள்" என்று சொல்வார்கள். எழுத்தறியாதவர்க்கும் அந்த எச்சரிக்கை இருந்தது. படித்த நமக்கு இல்லாமல் போயிற்று. லைப்ரரியை எடுத்தாளுவோம். நம் சார்பில் அது என்ன கேட்கிறது, வந்ததில் எதனை நம்மிடம் கொடுக்கிறது, எதனை எறிகிறது என்று ஒருமுறையேனும் படித்துப் பார்ப்போம். எந்தப் பதிப்பை எடுத்தோம் என்பதையும் பூட்டுக்கோப்பில் குறித்து வைப்போம்.

பையன் மறுநாள் மூன்று செயல்கள் செய்தான். தன் நிரலைத் திருத்தினான். குலங்களின் தொகைக்குக் கீழே, அத்தொகை எத்தனை பக்கங்களிலிருந்து திரட்டப்பட்டது என்பதையும் காட்டச் செய்தான். அந்த லைப்ரரிக்கு, எல்லாப் பக்கங்களையும் தொடர்ந்து வாங்கும் வகையில் ஒரு திருத்தம் எழுதி, அதன் ஆசிரியர்க்கு அனுப்பினான். அவர் ஏற்றாரா என்பது இதனை எழுதும் நாள்வரை தெரியவில்லை. மூன்றாவதாக, கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீட்டுக்குச் சென்று, திருத்திய நிரலைக் காட்டி, "இப்போது சரியா பார், தங்கச்சி" என்றான். அவள் பார்த்துவிட்டு மேலும் இரண்டு பிழைகளைச் சொன்னாளாம். அவற்றையும் எழுதிக்கொண்டு வந்தான். நேர்காணல் இனிமேல்தான். அங்கு அவன் முதலில் காட்டப்போவது திருத்திய நிரலை அன்று; 'மொத்தம் 10' என்ற பழைய திரையையும் அது எப்படி வந்தது என்பதையுமே. அவ்வாறு செய்யலாமா என்று என்னைக் கேட்டான். செய் என்றேன்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் செய்யும் வேலையின் நுட்பம் நமக்கு விளங்காமல் இருக்கலாம். ஆயினும் நாம் கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. "இந்த விடை எங்கிருந்து வந்தது? இது முழுமையா, முதற்பக்கமா? ஒன்றும் வரவில்லை என்றால் இல்லை என்று பொருளா, கேட்டது தவறா? நாளை அவர்கள் கொடுக்க மறுத்தால் உன் நிரல் என்ன செய்யும்?" இவற்றைக் கேட்பதற்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரிய வேண்டுவதில்லை. கணக்குப் பேரேடு பார்த்தவர்க்கும் கடை நடத்தியவர்க்கும் இவை பழகிய கேள்விகளே.

சென்ற ஞாயிறு தம்பி வழக்கம்போல் அழைத்து, "அண்ணா, பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டான். 'நன்றாக' என்று வாய்வரை வந்ததை நிறுத்திக்கொண்டேன். மூன்றரை ஆண்டுகளாக நான் அவனுக்கு முதற்பக்கத்தை மட்டுமே அனுப்பி வந்திருக்கிறேன் என்பது அப்போது உறைத்தது. மண்டபத்தில் நடந்ததையும், அவ்விரவு அவன் உண்ணாததையும், மறுநாள் அவன் செய்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தம்பி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பையனிடம் கொடு, அண்ணா" என்றான்.

அடுத்த திங்கள், பிள்ளைகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் முறை பற்றி எழுதுவேன். இத்திங்கள் எழுதியதில் பிழை கண்டோர் எழுந்து கேட்க வேண்டுகிறேன். பின்வரிசையிலிருந்து கேட்டாலும் குறையில்லை.